லுபெனாவின் கல்லறைச் சுவர்

லுபெனாவில் கடவுளை நம்புகிறவர்கள் இப்போது சிலர்தான். மற்றவர்கள் நாத்திகர்கள். ஆனால் யார் கத்தோலிக்க நாத்திகர், யார் புராட்டஸ்டன்ட் நாத்திகர் என்பதில் ஊரில் யாருக்கும் குழப்பம் கிடையாது. பொஹுமில் வெய்வர் புராட்டஸ்டன்ட் நாத்திகர். அவர் மனைவி யர்மிலா கத்தோலிக்க நாத்திகர். உயிரோடு இருக்கும்வரை இதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

ஊருக்கு மேலே, மேட்டின் முதுகில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நடுவே மார்பளவு உயரத்துக்கு ஒரு கற்சுவர். தெற்கே கத்தோலிக்கர்கள், வடக்கே புராட்டஸ்டன்ட்டுகள். தெற்கே விழும் மழை தன்யூப் ஆற்றில் சேர்ந்து கருங்கடலுக்குப் போகிறது. வடக்கே விழுவது எல்பே ஆற்றின் வழியாக வடகடலுக்கு. இதை ஊர்ப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறார்கள். வடகடலை யாரும் பார்த்ததில்லை. கருங்கடலைப் பொஹுமில் பார்த்திருக்கிறார், கூட்டுப் பண்ணைக்காரர்களைப் பல்கேரியாவுக்கு விடுமுறைக்கு அனுப்பியபோது. தண்ணீர் கொஞ்சம் உப்பு என்று திரும்பி வந்து சொன்னார்.

புராட்டஸ்டன்ட்டுகளும் வெளிப்படையாகக் கும்பிடலாம் என்று வியன்னாவிலிருந்து பேரரசர் உத்தரவு போட்டதும் லுபெனாக்காரர்கள் முதலில் கட்டியது தேவாலயத்தை அல்ல, இந்தச் சுவரை. பிறகு பேரரசு போனது. குடியரசு வந்தது. ஜெர்மானியர்கள் வந்து போனார்கள். ரஷ்யர்கள் வந்து போனார்கள். கூட்டுப் பண்ணை வந்து, ஊரில் இருந்த வயல் வரப்புகளையெல்லாம் உழுது தரைமட்டமாக்கியது. அந்த டிராக்டரை ஓட்டியவர் பொஹுமில். சுவரை ஏதாவது செய்யச் சொல்லி அவருக்கு எந்த உத்தரவும் வரவில்லை.

தீயணைப்புப் படையினரின் நடன விருந்தில் யர்மிலாவைப் பார்த்தார். மறு வருடம் கல்யாணம் என்று முடிவானது. யர்மிலாவின் அப்பா சண்டை போடவில்லை. கல்தச்சரைக் கூப்பிட்டு, குடும்பக் கல்லறைக் கல்லில் மகளின் பெயரைச் செதுக்கச் சொன்னார். பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு காலி. உயிரோடு இருக்கிறவர்களின் பெயரை முன்கூட்டியே செதுக்குவது இங்கே வழக்கம்தான். கல்யாணத்துக்கு முந்தின வாரம் செதுக்குவது வழக்கமில்லை.

“நீ யாரை வேணா கட்டிக்க. படுக்கப்போறது எங்ககூடத்தான்” என்றார்.

இதைக் கேள்விப்பட்ட பொஹுமிலின் அம்மா அதே கல்தச்சரைக் கூப்பிட்டு, வெய்வர் குடும்பக் கல்லில் மகன் பெயரையும் மருமகள் பெயரையும் செதுக்க வைத்தாள். அன்றிலிருந்து யர்மிலாவுக்கு இரண்டு கல்லறைகள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் இரண்டு பக்கமும் சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, தன் பெயர்மேல் படிந்த பாசியைச் சுரண்டிவிட்டு வருவாள். யாரும் பொஹுமிலிடம் எதுவும் கேட்டதில்லை. அவரும் கேட்கவில்லை.

போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் பொஹுமிலின் நெஞ்சுக்குள், இதயத்துக்குத் துணையாக, ஒரு கருவி வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே கேட்டார்.

“யர்மிலா, நீ எந்தப் பக்கம்?”

“எங்கப்பா பக்கம்.”

“அப்ப நான்?”

“உங்கம்மா பக்கம். காலங்காலமா அதானே.”

“நான் உன் பக்கத்துல படுக்கணும்.”

“அறுபது வருஷமா குறட்டை கேட்டாச்சு. போதாதா?” என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துச் செல்லப் பெயரில் கூப்பிட்டாள். “பொஹுஷ், உங்கம்மாவோட ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாட்டையே என்னால தாங்க முடியல. அங்க போய்ப் படுத்தா, எழுந்து வீட்டுக்கு வர முடியுமா?”

மாமனாரின் கல்லில் பொஹுமிலுக்கு இடமில்லை. யர்மிலாவின் பெயருக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் ஒரு திராட்சைக் கொத்தைச் செதுக்கி நிரப்பியிருந்தார் அந்த மனிதர்.

மார்ச்சில் பனி உருகியபோது மேட்டிலிருந்த பழைய லிண்டன் மரம் சாய்ந்து, சுவரின் நடுப்பகுதியை இடித்துத் தள்ளியது. ஊர்த்தலைவன் ஸ்பினெக் பார்க்க வந்தான். மற்ற நாட்களில் குழாய் ரிப்பேர் செய்கிறவன். சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து கட்டிவிடலாம் என்றான். பொஹுமில் சுவர் விழுந்த இடைவெளியில் நின்றுகொண்டிருந்தார். தன் மூளை டிராக்டர் போல மெதுவாகத்தான் கிளம்பும் என்பது அவருக்குத் தெரியும். இந்த முறை சட்டென்று கிளம்பியது.

“இந்த இடத்தை எங்க ரெண்டு பேருக்கும் கொடுப்பா.”

“மாமா, இது எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது?”

“எந்தப் பக்கமும் இல்ல. அதனாலதான் கேக்கறேன்.”

“ஓட்டுக்குத்தான் விடணும்.”

விட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். அந்த ஒருவர் எதற்கும் கை தூக்காதவர். பொஹுமில் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். யர்மிலா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“அங்க காத்து பிச்சுக்கிட்டு அடிக்குமே” என்றாள். இன்னும் கொஞ்சம் உரித்தாள். “தெற்குப் பக்கம் எனக்கு.”

அவர் வெளியே போய்க் காரணமில்லாமல் விறகு பிளந்தார். விறகு பிளக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை அவர்கள் கல்லறைக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்ததும் மண்வெட்டியில் எலும்பு தட்டியது. பக்கத்தில் இன்னொன்று. மாவட்ட அருங்காட்சியகத்திலிருந்து இளம் பெண் ஒருத்தி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, சின்னத் தூரிகையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தாள். வடக்கிலிருந்து தெற்குவரை ஒரே வரிசையாக ஆட்கள் படுத்திருந்தார்கள்.

“இவங்க எந்தப் பக்கத்துக்காரங்க?” என்று கேட்டான் ஸ்பினெக்.

“சுவர் கட்டறதுக்கு முந்தியே செத்தவங்க.”

“அது சரி. ஆனா எந்தப் பக்கம்?”

அவள் தூரிகையைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். இங்கே இனிமேல் யாரும் தோண்டக் கூடாது, மூடிவிட்டுச் சுவரைப் பழையபடி கட்டலாம் என்றாள். ஸ்பினெக் தொப்பியைக் கழற்றி, “மன்னிச்சுக்க மாமா, எடம் காலி இல்ல” என்றான்.

சாந்து இல்லாமல் கல் அடுக்கத் தெரிந்தவர்கள் ஊரில் அதிகம் இல்லை. எனவே பொஹுமிலே கட்டினார். தனக்குக் கிடைத்த இடத்தின்மேல் தானே ஒவ்வொரு கல்லாக வைத்தார். மத்தியானம் யர்மிலா கசகசா ரொட்டியும் பிளாஸ்க்கில் காபியும் கொண்டுவந்தாள். அவர் சாப்பிடவில்லை. அவள் கவிழ்ந்து கிடந்த கல் ஒன்றில் உட்கார்ந்தாள்.

“பொஹுஷ், எரிச்சுட்டா என்ன?”

“எதை?”

“நம்மளத்தான்.”

அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார்.

“சாம்பலை ரெண்டாப் பங்கு போட்டு, ரெண்டு பக்கமும் வைக்கச் சொல்லுவோம். நீ பாதி, நான் பாதி. இந்தப் பக்கமும் சேர்ந்து, அந்தப் பக்கமும் சேர்ந்து” என்றாள்.

“எங்கம்மாகிட்டயும் வருவியா?”

“பாதிதான் வருவேன். பாதி மருமகளை என்ன பண்ணிட முடியும் அவங்களால?”

“உங்கப்பா கல்லுல எனக்கு எடமில்லையே. திராட்சை இருக்கே.”

“பின்பக்கம் காலியாத்தான கிடக்கு. அங்க எழுதிக்கலாம். வேணுங்கறவன் சுத்தி வந்து படிக்கட்டும்.”

பொஹுமில் ரொட்டியை எடுத்தார். பாதி தின்றதும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைக் கேட்காமல் விட அவரால் முடியவில்லை.

“பங்கு போட்டுட்டுக் கலக்கறதா, கலந்துட்டுப் பங்கு போடறதா?”

யர்மிலா பிளாஸ்க்கைத் திறந்தாள். காபியை ஊற்றி அவரிடம் நீட்டினாள்.

“கலந்துட்டுப் போடட்டும். எது யாருதுன்னு ஒருத்தனுக்கும் தெரிய வேணாம்.”

அவர் குடித்து முடித்துக் குவளையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு கற்களைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தார். யர்மிலா சின்னக் கற்களாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.