சாப்பிட்டுவிட்டுத் தூக்கிய பால்குடம்

எனக்கு ஈரல் கெட்டுப்போனது என்று கேள்விப்பட்டவர்கள் முதலில் என் வாயைத்தான் மோந்து பார்த்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மலேசியாவில், கிள்ளான் பக்கம் பண்டமாரானில் குடியிருந்தோம். ஈரல் நோய் என்றால் சம்சு சாராயம் குடிப்பவனுக்கு வருவது என்பதுதான் அங்கே எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். நான் ஒரு சொட்டுக்கூடத் தொட்டவள் இல்லை. எப்போதோ வந்த காமாலைக் கிருமி ரத்தத்திலேயே தங்கி, ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிவிட்டது, இதற்கு சிரோசிஸ் என்று பெயர் என்றார் டாக்டர். இதை எத்தனை பேருக்கு விளக்குவது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பாசாரில் ஒருத்தி மூன்றாவது தடவையாகக் கேட்டபோது, "ஆமாக்கா, தினம் ஒரு போத்தல்" என்று சொல்லிவிட்டுக் கீரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தார். பிள்ளைகள் இல்லை, நாங்கள் இரண்டே பேர்தான். நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் என்னைத் துடைப்பத்தைக்கூடத் தொடவிடவில்லை. துணி துவைத்தார், தண்ணீர் பிடித்தார், நான் எழுந்தால் "நீ உக்காரும்மா" என்றார். கோபக்காரப் புருஷனோடு சண்டை போடலாம். இவரோடு எப்படிப் போடுவது?

பிரிக்பீல்ட்ஸில் இருந்த என் நாத்தனார், அவருடைய அக்கா, பத்தியம் சொல்ல பஸ் ஏறி வந்தார். காமாலை கண்ட உடம்புக்குக் கவுச்சி ஆகாது, முட்டை ஆகாது, எண்ணெய் ஆகாது, உப்பு பாதி போதும், பருப்பு வாயு. காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லி, அப்புறம் கஞ்சியும் மோரும். வாயைக் கட்டினால் ஈரல் தானாகத் தேறும் என்றார். வீட்டுக்காரர் அதற்கு ஒரு படி மேலே போனார். நான் பிழைத்துக்கொண்டால் மூன்று வருஷம் அம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக என் பேரில் வேண்டிக்கொண்டார். கிள்ளானில் எங்கள் அம்மன் கோயிலில் பால்குடம் என்றால் ஒரு மண்டலம் விரதம், நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு, குடம் எடுக்கும் நாளில் அபிஷேகம் முடியும்வரை தண்ணீர்கூடக் கிடையாது.

முதல் வருஷம் அப்படியே செய்தேன். எனக்கும் பயம் இருந்ததே. நாற்பத்தெட்டு நாளும் அரைவயிற்றுக் கஞ்சியில் கிடந்து, இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, குடத்தைக் கோயிலில் சேர்த்தேன். வயிற்றில் நீர் கோத்துப் புடவைக்கு மேலே தள்ளிக்கொண்டு நின்றதால், "சதை போட்டிருக்கே, தேறிட்ட லா" என்று சொன்னார்கள். கையைத் தூக்கினால் வளையல் முழங்கை தாண்டி ஓடியதை யாரும் பார்க்கவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு காலை. அவர் வேலைக்குப் போன பிறகு, தேங்காய் துருவலாம் என்று தரையில் துருவுபலகை போட்டு உட்கார்ந்தேன். பாதி மூடி துருவியதும் அடுப்பைப் பார்க்க எழ நினைத்தேன். எழ முடியவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை. தொடையிடம் சொன்னால் தொடை கேட்கவில்லை, அவ்வளவுதான். சுவரைப் பிடித்துப் பார்த்தேன், கவிழ்ந்து முட்டி போட்டுப் பார்த்தேன். அடுப்பில் ரசம் வற்றிக் கருகிப் பானை புகைந்தது. ஊர்ந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, அவர் மாலையில் வரும்வரை தரையிலேயே கிடந்தேன். அவர் என்னைத் தூக்கிய விதம் இருக்கிறதே, காலி சாக்கைத் தூக்குவது மாதிரி தூக்கினார். நாற்பத்து நான்கு வயதில் எனக்கு வந்த அவமானம் அது. அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எழ முடியவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் ஒரு சீனப் பெண்ணிடம் அனுப்பினார். அவள் டேப்பால் என் மேல்கையை அளந்தாள். நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னாள். ஒரு தடவை எழுந்தேன். இரண்டாவது தடவை பாதியில் விழுந்தேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மலாயில் கேட்டாள். சொன்னேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது இன்றுவரை மறக்கவில்லை. நல்ல ஈரல் சாப்பாட்டைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் உடம்புக்குக் கொடுக்கும். உங்கள் ஈரலால் அப்படிச் சேர்த்துவைக்க முடியாது. நீங்கள் பட்டினி கிடந்தால் உடம்பு உங்கள் சதையையே அறுத்துத் தின்கிறது என்றாள். உப்பைக் குறைத்தது ஒன்றுதான் நீங்கள் செய்ததில் சரி. வயிற்று நீருக்கு அது வேண்டும். மற்றபடி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஏதாவது சாப்பிட வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பயறு, பால், சோயாவில் செய்யும் தெம்பே. எழுந்தவுடன் சாப்பாடு, படுக்கும் முன் இன்னொரு தடவை. பெரிய பாரம் தூக்கி முக்கக் கூடாது, ஆனால் உட்கார்ந்தே இருக்கவும் கூடாது. நடங்கள், நாற்காலியில் எழுந்து எழுந்து உட்காருங்கள் என்றாள். வீட்டுக்காரர் பக்கத்தில் கைகட்டி நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் என் கோபம் போய்விடும்.

அந்த வாரமே ஒரு காலை முட்டை அவித்தேன். நாத்தனார் வந்திருந்த நாளாகப் பார்த்துத்தான் அவித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"பத்தியத்துல முட்டையா? ஈரல் வெந்து போயிடும்மா" என்றார் அவர்.

"வேகட்டும் அண்ணி. கஞ்சியில ஊறினது போதும்."

அவர் அன்று எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனார். நான் அவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

பிறகு தினமும் அதே கதை. பால்டின் இரண்டைக் கையில் பிடித்து மேலும் கீழும் தூக்குவேன். நாற்காலியில் எழுவேன், உட்காருவேன். முதல் வாரம் மூன்று தடவை, பிறகு ஐந்து, தீபாவளிக்குள் பதினைந்து. காலையில் பஸ் ஸ்டாப் வரை நடந்து, பஸ் ஏறாமல் திரும்பி வருவேன். "பஸ்ஸை விட்டுட்டீங்களா ஆன்டி?" என்று பக்கத்து வீட்டுப் பையன்கள் சிரிப்பார்கள். நோய் போய்விடவில்லை. மருந்து உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, நாலு நாள் நன்றாக இருந்தால் ஐந்தாவது நாள் சாய்ந்துவிடுவேன். ஆனால் கை கொஞ்சம் உருண்டது. தரையில் உட்கார்ந்தால் எழுந்தேன்.

வீட்டுக்காரர் தடுக்கவில்லை, பேசவும் இல்லை. தானும் சேர்ந்து என்னைப் பட்டினி போட்டது அவரைத் தின்றுகொண்டிருந்தது. அதே சமயம் வேண்டுதல் தப்பினால் நான் செத்துப்போவேன் என்ற பயமும் விடவில்லை. இரண்டாம் வருஷம் பால்குடத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வாயைத் திறந்தார்.

"விரதம் மட்டும் இருந்துடேன்மா. நான் வேண்டிக்கிட்டது."

"வேண்டிக்கிட்டது நீங்க. தூக்கப்போறது நான். கவுச்சி வேணாம், விட்டுடறேன். சோத்தை விடமாட்டேன்."

"சாப்பிட்டுட்டு குடம் எடுத்தா தெய்வக் குத்தம் ஆயிடும்."

"உசுரைக் காப்பாத்தத்தானே அவகிட்ட கேட்டீங்க? அதை நான் சாப்பிட்டுக் காப்பாத்திக்கறேன். அவளுக்குப் பிடிக்கலைன்னா என்னைக் கேக்கட்டும்."

அம்மன் என்னைக் கேட்பாளோ என்று எனக்கும் பயம்தான். ஆனால் அந்தத் தரையில் இன்னொரு நாள் கிடப்பதைவிட அந்தப் பயம் பெரிதாகத் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டேன். சின்னக் குடம், பாதி பால், நடுவில் கட்டாயம் சாப்பிடணும் என்றார்.

பால்குடத்தன்று எழுந்தவுடன் இட்லியும் பருப்புத் துவையலும் சாப்பிட்டேன். கடலைச் சுண்டலும் இட்லியும் ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் துண்டால் சுற்றிக் கக்கத்தில் மறைத்துக்கொண்டார். மஞ்சள் புடவையோடு நூறு பெண்கள் நின்ற வரிசையில் நானும் நின்றேன். ஏழரை மணிக்குக் கிளம்ப வேண்டிய ஊர்வலம் மேளக்காரர் வராமல் ஒன்பதைத் தாண்டிக் கிளம்பியது. தலையில் ஏற்றிய குடத்தைக் கோயில் வரை கீழே வைக்கக் கூடாது, அடுத்தவர் கையில் கொடுக்கவும் கூடாது. பாதி வழியில், சந்தியில் லோரிகளுக்கு வழிவிட எங்களை நிறுத்தினார்கள். வெயில் ஏறிவிட்டது. என் முழங்கால் ஆடத் தொடங்கியது. எனக்குத் தெரிந்த ஆட்டம் அது.

"பசிக்குதுங்க" என்றேன்.

பக்கத்தில் நடந்துவந்த நாத்தனார் பதறினார். "அந்த லோரிக்குப் பின்னால போயிடலாம் வா. நாலு பேர் பாக்கறாங்க."

"பாக்கட்டும் அண்ணி. திருடியா திங்கறேன்?"

முன்னால் நின்ற பெண்கள் திரும்பினார்கள். வீட்டுக்காரர் குடத்தைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். குடத்தை வாங்கிக்கொள்ள அவர் கை மேலே வந்தது.

"குடத்தைத் தொடாதீங்க. சாப்பாட்டைக் குடுங்க."

அவர் துண்டை உருவித் தோளில் போட்டார். டப்பாவைத் திறந்து இட்லியைப் பிட்டார். இருபது வருஷத்தில் ஒரு நாளும் எனக்கு அவர் ஊட்டியதில்லை. நடு ரோட்டில், நூறு பால்குடத்துக்கு நடுவில், சரக்குத் தூக்கிக் காய்ந்த அந்தக் கை என் வாய்க்கு நேராக வந்தது.

"எச்சில் வாயோட அம்மன்கிட்டயா..." என்று நாத்தனார் ஆரம்பித்தார்.

"நீ முன்னால நட அக்கா" என்றார் அவர், அக்காவைத் திரும்பிப் பார்க்காமல். பிறகு என்னிடம், "மெதுவா மெல்லு. இன்னும் தூரம் இருக்கு" என்றார்.

நான் இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.