என் மனைவியின் ஆங்கிலம்

என் மனைவிக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் தெரியும். இதை எழுத எனக்கு எழுபது வயது கடக்க வேண்டியிருந்தது.

நான் நாகப்பட்டினத்தில் படித்துத் தேறியவன். ஆங்கில இலக்கண நூலை முதல் பக்கத்திலிருந்து ஒப்பிப்பேன். சிங்கப்பூருக்கு வந்து ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சாலை, வடிகால், பாலம் பற்றிய கடிதங்களுக்கு வரைவு எழுதுவது என் வேலை. பெரிய சொற்கள் என்னை மிரட்டியதில்லை. 'இன்', 'ஆன்', 'அட்' என்ற துணுக்குகள்தாம் என்னைப் படுத்தின. சிராங்கூன் சாலையில் வடிகால் இடிந்தது என்று எழுதப் போனால் மூன்றும் சரியாகவே தோன்றும். நூலைப் பிரித்தால் மூன்றுக்கும் ஆதாரம் கிடைக்கும். ஒன்றைத் துணிந்து எழுதினால் தலைமைக் குமாஸ்தா அதையே நீலப் பென்சிலால் வட்டமிடுவார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தாளை என் மேஜையில் போட்டுவிட்டு, அறை முழுதும் கேட்கும்படி சொல்வார்:

"தமிழில ஒரு 'இல்'லோட வேலை முடிஞ்சிடும். இங்கிலீசில அப்பிடியில்லை, தம்பி."

எனக்குக் கல்யாணம் ஆனபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. பினாங்கில் பிறந்து, அங்கே கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தவள். வெள்ளைக்காரக் கலப்புள்ள யுரேசியப் பெண்களோடு விளையாடி, சண்டை போட்டு, ஆங்கிலத்திலேயே கோள் சொல்லி வளர்ந்தவள். தேக்கா சந்தைக்கு அருகே ஒரு கடைவீட்டின் மாடியில் குடியேறினோம். ஒரு மாலை நான் வரைவு ஒன்றை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அங்க 'ஆன்' இல்லைங்க, 'இன்'" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாதே. அப்படித்தான் சொல்லுவாங்க."

நான் நூலை எடுத்து அரைமணி நேரம் விதிகளைப் படித்துக் காட்டினேன். அவள் பணிவாகக் கேட்டுக்கொண்டாள். மறுநாள் என் விருப்பப்படியே 'ஆன்' போட்டுக் கொடுத்தேன். வட்டம் விழுந்தது.

அதன்பின் எங்களுக்குள் ஒரு பழக்கம் ஏற்பட்டது. நான் வரைவை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். திரும்பி வரும்போது சில சொற்களுக்கு மேல் பென்சிலால் மெல்லிய புள்ளி இருக்கும். நான் திருத்திவிட்டுப் புள்ளிகளை அழித்துவிடுவேன். அவள் அடுப்படியில் இருப்பாள். இதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அலுவலகத்தில் வட்டங்கள் நின்றன. தலைமைக் குமாஸ்தா ஒருநாள் என் தாளை இரண்டுமுறை படித்துவிட்டு, "கலியாணம் முடிச்சாப் பிறகு உமக்கு இங்கிலீசு வந்திட்டுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு உடம்பு எரிந்தது.

அவளுக்கு நன்றி சொல்ல வேண்டியவன் அவள் தவறு செய்வதற்குக் காத்திருந்தேன். அவள் வேலையாக இருக்கும்போது திடீரென்று ஒரு வாக்கியத்தைச் சொல்லி, இதுவா அதுவா என்று கேட்பேன். நிமிர்ந்துகூடப் பாராமல் பதில் சொல்வாள். அதை அலுவலகத்தில் விசாரிப்பேன், தவறாக இருக்க வேண்டும் என்ற ஆசையோடு. ஒருமுறையும் அந்த ஆசை நிறைவேறவில்லை. நான் பத்து வருஷம் விளக்கு வைத்துப் படித்தது அவளுக்கு வாயில் ஊறுகிற எச்சில் போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில், அருகிலிருந்த கன்னியர் மடத்துத் தலைவியோடு அவள் பேசிச் சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் நானும் பக்கத்தில் நின்று சிரிப்பேன். வீடு வரும் வழியெல்லாம் அவளோடு பேசமாட்டேன்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் அந்த மடத்துத் தலைவியிடமிருந்து அலுவலக முகவரிக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கள் பள்ளியில் சிறு பெண்களுக்குக் காலை வேளையில் ஆங்கிலம் சொல்லித்தர என் மனைவியை அனுப்ப முடியுமா, அவளுக்கு மிகுந்த ஆவல், கணவரின் சம்மதம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அன்றே பதில் எழுதினேன். அவளுக்கு உடல்நிலை சரியில்லை, அவளுக்கே விருப்பமும் இல்லை என்று எழுதினேன். அந்தப் பொய்யை எழுதக் கை கொஞ்சமும் தயங்கவில்லை. உடல்நிலை காரணமாக என்பதற்கு முன்னால் 'ஆன்' போடுவதா, 'ஃபார்' போடுவதா, 'பை' போடுவதா என்றுதான் ஒரு மணி நேரம் தவித்தேன். அவளிடம் காட்டமுடியாத கடிதம் அது.

அந்த வாரம் முழுதும் நான் படியேறும்போதே அவள் வாசலுக்கு வந்தாள். "என்னங்க, எனக்கு... நமக்கு ஏதும் கடிதாசி வந்துச்சா?" என்று கேட்டாள். அதற்குமுன் ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்றும் இல்லை என்றேன். துவைத்து மடித்த இரண்டு வெள்ளைச் சேலைகளைப் பெட்டியின் மேலே எடுத்து வைத்திருந்தாள். பள்ளிக்கு உடுத்தத்தான். நான் கவனிக்காதவன்போல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் மடத்துத் தலைவி நேரே வந்து அவள் கையைப் பிடித்து, உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். உனக்கு இஷ்டமில்லை என்று உன் கணவர் எழுதியிருந்தார், வருத்தமாக இருந்தது என்றார். அவள் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அதே ஆங்கிலத்தில், ஆமாம் மதர், நான் சொல்லித்தான் எழுதினார் என்றாள். நான் கோயில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் சண்டையை எதிர்பார்த்தேன். அவள் சேலைகளைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அந்த இடத்துக்கு ஒரு யுரேசியப் பெண்ணை வைத்துக்கொண்டார்கள். என் மனைவிக்கு அப்படி ஒரு வாய்ப்பு மறுபடி வரவில்லை. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. சொல்லித்தர அவளுக்கு யாரும் வாய்க்கவில்லை.

மூன்று வருஷங்களுக்குமுன் அவள் படுக்கையில் விழுந்தாள். இனி எழமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு பகலில், கஞ்சி குடித்து அவள் தெளிவாக இருந்தபோது, மனப்பாரத்தை இறக்கிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். உன் ஆங்கிலத்தின்மேல் பொறாமைப்பட்டேன், அதனால்தான் அப்படி எழுதினேன் என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பொண்டாட்டி வேலைக்குப் போனா கௌரவக் குறைச்சல்னு எழுதிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "எல்லா ஆம்பளைங்களும் அப்படித்தானேன்னு அப்பவே விட்டுட்டேன்."

அப்படியானால் கடிதம் எழுதியவனை அவள் மன்னித்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. அவள் மன்னித்த ஆள் நான் இல்லை. உண்மையை நான் சொல்லாமல் இருந்திருந்தால், சாதாரணக் கணவன் ஒருவனோடு வாழ்ந்தோம் என்ற நினைப்போடு அவள் போயிருப்பாள். நான் மேலும் பேச வாயெடுத்தேன். தலையணையைக் கொஞ்சம் சரிசெய்யச் சொன்னாள். செய்தேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.