சூரியன் வாயடைத்த முற்பகல்

ஓசூரில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்கள் தெருவுக்கு வர வேண்டுமென்றால் படியிறங்கினால் போதும். யேசுராஜுக்கு அது நடக்காத காரியம். குருபரப்பள்ளி அருகே மழையில் பைக் சறுக்கியதிலிருந்து இடுப்புக்குக் கீழே அவன் சொல்வதை எதுவும் கேட்பதில்லை. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மனைவி அனிட்டா செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டால், அவள் திரும்பும்வரை இரண்டு அறை, ஒரு ஜன்னல், எதிர்க் கட்டடத்தின் பூசாத சுவர். அந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்று அவனைக் கேட்டால் சொல்வான்.

அவன் தலை கெட்டுப்போகாமல் இருந்ததற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் வீட்டு ஓனர் நாராயணப்பன், இன்னொருவர் சூரியன்.

நாராயணப்பன் ராகியும் ரோஜாவும் விளைந்த நிலத்தில் வாடகை வீடுகளை விளைவித்தவர். நிலம் போனாலும் மூட்டை தூக்கிய முதுகு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, "ஏறு யேசுராஜு" என்று முதுகைக் காட்டிக் குந்துவார். மூன்று மாடியும் இறக்கி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, மாதா கோயில்வரை தள்ளிப் போவார். பூசை முடியும்வரை வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்பார். பிறகு அதே முதுகில் மேலே. வாரத்தில் யேசுராஜின்மேல் வெயில் படுவது அந்த ஒரு நாள்தான்.

மற்ற நாட்களில் அவன், உலகெங்கும் முகம் தெரியாதவர்களோடு பேசும் ஹாம் ரேடியோவில் வெளியே போனான். மொட்டைமாடியில் அதற்கான ஆன்டெனா கம்பியைக் கட்டியவரும் நாராயணப்பன்தான். அவன் போனில் சொல்லச் சொல்ல, தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி இழுத்துக் கட்டிவிட்டு, "துணி காயப்போடவும் ஆவாது, இதுல என்னத்தப் புடிக்கப் போற?" என்றார். யேசுராஜ் முதல் வாரமே ஜப்பானைப் பிடித்தான். சூரியனில் கரும்புள்ளிகள் பெருகியிருக்கும் காலம் இது. பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை அப்படி ஆகும். அப்போது வானத்தின் உயரத்தில் மின்னேறிய காற்றடுக்கு கெட்டிப்படும். கீழிருந்து போகிற அலை அதில் பட்டு மடங்கி எங்கோ கடல் தாண்டி இறங்கும். சாதாரண பல்பு தின்கிற மின்சாரத்திலேயே உலகம் சுற்றலாம்.

பொங்கல் முடிந்து நாராயணப்பன் ஒரு பேச்சு சொன்னார், மேலே இன்னொரு மாடி எழுப்பப் போவதாக. அப்படியானால் கம்பி எங்கே போகும்? யேசுராஜ் அதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதில் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்து, அந்தக் கேள்வியை உள்ளேயே போட்டுப் புளிக்கவைத்தான்.

ஒரு வியாழக்கிழமை முற்பகலில் இந்தோனேசியாவில் ஒரு பல் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தான். அவர் தன் பேத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்த இடத்தில் குரல் தேய்ந்து மறைந்தது. எப்போதும் இருக்கும் இரைச்சல்கூட அடங்கிப்போயிற்று. அதே நேரத்தில் தலைக்குமேல் மொட்டைமாடியில் காலடிச் சத்தம், எதையோ இழுக்கும் சத்தம்.

சூரியன் திடீரென்று சீறினால் இப்படி ஆகும். வெளிச்சத்தோடு சேர்ந்து வரும் கதிர்கள் வானத்தின் கீழடுக்கைக் கலக்கி, பகலாக இருக்கும் பக்கமெல்லாம் அலைகளை விழுங்கிவிடும். கம்பி அறுந்தாலும் இதே மௌனம்தான். எது என்று பார்க்க, பேசும் பட்டனை அழுத்தி மீட்டரில் முள்ளைப் பார்த்தால் போதும்; அறுந்திருந்தால் முள் எகிறும். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவனுக்கு இது தெரியாததல்ல. ஆனால் பத்துப் படி ஏறிப் பார்க்க முடியாதவனுக்கு மேலே கேட்கும் காலடி போதுமான சாட்சியாக இருந்தது. எட்டாததை இழுக்க வைத்திருக்கும் குச்சியால் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

நாராயணப்பன் கையெல்லாம் பாசியோடு ஓடிவந்தார். "என்ன ஆச்சு, விழுந்துட்டியா?"

"நான் மேல வந்து பாக்க மாட்டேன்னுதானேண்ணா அறுத்தீங்க?"

"எத?"

"கம்பிய. மாடி எழுப்பணும்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். என்னைத் தூக்கிக்கினு போறதெல்லாம் ஊருக்குக் காட்டத்தானா?"

நாராயணப்பன் கையிலிருந்த பாசியை வேட்டியில் துடைத்தார். பிறகு முதுகைக் காட்டிக் குந்தினார்.

"ஏறுங்க."

இத்தனை வருஷத்தில் அவர் அவனை 'நீங்க' என்று சொன்னதில்லை.

மொட்டைமாடியில் கம்பி கட்டின இடத்தில் கட்டினபடியே இருந்தது. தொட்டியைக் கழுவிய பிரஷ்ஷும் வாளியும் கீழே கிடந்தன. நாராயணப்பன் அவனைக் கைப்பிடிச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்தார். உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது சூரியன், ஒன்றும் அறியாததுபோல. யேசுராஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் வாயில் வந்தது மன்னிப்பல்ல, பாடம்.

"சூரியன்ல வெடிப்பு ஆயிருக்கும்ணா. பகல் பக்கம் அலையே வராது. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

"சூரியன உடுங்க. ஊருக்குக் காட்டத் தூக்கறேன்னு சொன்னீங்களே, அதுவும் சூரியன்தான் சொல்லிச்சா?"

மறுபடி அந்த முதுகில்தான் ஏற வேண்டியிருந்தது. தான் திட்டியவரின் கழுத்தையே கட்டிக்கொண்டு இறங்கும்போது, காதருகே வாய் இருந்தும், "தப்பு என்னுதுண்ணா" என்ற இரண்டு சொல் வரவில்லை. நாராயணப்பன் அவனை நாற்காலியில் வைத்து, வழக்கம்போலக் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து நேராக வைத்தார்.

"வீடு காலி பண்ண வேணாம். கம்பியும் இருக்கட்டும். ஞாயித்துக்கெழமைக்கு வேற ஆள் பாத்துக்குங்க."

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்வதற்குள் ரேடியோ செட்டில் இரைச்சல் மெல்லத் திரும்பியது. அதற்குள்ளிருந்து பல் டாக்டர் அவன் பெயரைச் சொல்லி, இருக்கிறாயா, இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். யேசுராஜ் மைக்கை எடுத்தான். இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் செட்டை அணைத்தான்.

அனிட்டாவிடம் இதை எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை சொல்ல நினைத்தான், சனிக்கிழமையும் நினைத்தான். ஞாயிறு காலையில் அவள் அவனைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டுத் தலை சீவினாள். கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் எங்கியோ போறாரு. உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

யேசுராஜ் சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான்.