நான்காவது கட்டம்

என் அலமாரிக்குள் ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலில் குடியேறியதும் செய்த ஏற்பாடு. வெளிச்சத்துக்காக அல்ல, காகிதங்களை ஈரம் தின்னாமல் இருக்க. இதே மாதிரி ஒரு பல்பை ஒருமுறை நான் விதிமீறல் என்று எழுதியிருக்கிறேன்.

அரசுக் கணினிகள் பாதுகாப்பு விதிகளின்படி இயங்குகின்றனவா என்று சோதித்துச் சான்றளிப்பது அப்போது என் வேலை. விதிகள் பக்க எண்ணோடு மனப்பாடம். அதில் எனக்கிருந்த கர்வத்தை மட்டும் யாரும் சோதித்ததில்லை. ஓர் ஐப்பசி மழையில் இந்த ஊர் அலுவலகம் ஒன்றுக்கு வந்தேன். கணினி அறையைப் பார்த்துக்கொண்டவர் பூம்பாறையிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் ஒப்பந்த ஊழியர், எல்லோருக்கும் ஆபரேட்டரம்மா. சர்வர் இருந்த இரும்புப் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு எரிந்தது. பெட்டிக்குள் வெப்பம் தரும் பொருள் கூடாது என்பது விதி. கழற்றச் சொன்னேன். மறுநாள் காலை மீண்டும் இயக்கிப் பார்க்கும் சோதனைக்காக, சர்வரையும் மாலையிலேயே அணைக்கச் சொன்னேன்.

“பல்பு இல்லேன்னா காலைல இது எந்திரிக்காதுங்க சார்.”

“விதியில் பல்புக்கு இடமில்லையம்மா.”

“விதி எழுதுனவுக ஐப்பசியில இங்கன வந்திருக்காகளா சார்?”

காலையில் பொத்தானை அழுத்தினேன். பெட்டி பிணம்போலக் கிடந்தது. உள்ளே தகடுகளில் முத்து முத்தாக ஈரம். மாலை ஐந்துக்குள் அது எழாவிட்டால் சான்றிதழ் கிடையாது; சர்வரைக் கீழே சமவெளிக்கு மாற்றிவிடுவார்கள், அந்த அம்மாவுக்கும் வேலை இருக்காது. அவர் பல்பை மாட்டினார், கதவைச் சாத்தினார்.

“வெரசா காயணும்னா ரெண்டு பேரும் ஊதலாம் சார்” என்றார். சிரிப்பு அவர் கண்ணுக்கு ஏறவில்லை.

பன்னிரண்டுக்கு அழுத்தினோம், எழவில்லை. இரண்டுக்கும் இல்லை. அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன். நாலரைக்கு உள்ளே மின்விசிறி முனகியது. சோதனைகள் தேறின. ஆனால் தடங்கலுக்குக் காரணம் எழுத வேண்டும். படிவத்தில் மூன்றே கட்டங்கள்: இயக்குபவர் தவறு, கருவிப் பழுது, மின்தடை. கருவி பழுதில்லை, மின்சாரமும் போகவில்லை. மிஞ்சிய கட்டத்தில் டிக் போட்டால் அவருடைய ஒப்பந்தம் அன்றோடு சரி.

“எதுல போடப் போறீங்க சார்?”

என் பேனா அந்த முதல் கட்டத்தின் மேல்தான் நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிறகு கீழே பேனாவால் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தேன். ‘சோதனையாளர் தவறு’ என்று எழுதி, டிக் போட்டு, கையெழுத்திட்டேன். அந்த அம்மா டப்பாவைத் திறந்து, பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

சான்றிதழ் கிடைத்தது, அவர் வேலையும் நிலைத்தது. எனக்கு மெமோ வந்தது, என் சர்வீசிலேயே ஒரே மெமோ. தவறு செய்ததற்கு அல்ல. அனுமதியின்றிப் படிவத்தில் கட்டம் சேர்த்ததற்கு.

அது இப்போது அலமாரியில், பல்புக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கிறது. பாராட்டுக் கடிதங்கள் அலமாரிக்கு வெளியே பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. மெமோவில் ஒரு பூஞ்சைப் புள்ளிகூட இல்லை.