நாலாவது பாடம்

அந்தத் தாளில் மூன்று பெட்டிகள்தான் இருந்தன. பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதுகிற ஏ லெவல் சோதனைக்கு என்னென்ன பாடங்களை எடுக்கப் போகிறாய் என்று பள்ளிக்கூடம் கேட்டு அனுப்பிய தாள். அப்பா அதைக் குசினி மேசையில் வைத்து, என் அடிமட்டத்தை வாங்கி, மூன்றாவது பெட்டிக்குக் கீழே நாலாவதாக ஒன்றைக் கீறினார். கோணல்மாணல் இல்லாமல், அச்சடித்ததுபோலக் கீறினார். அதற்குள் கணிதம் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார், நானும் எழுதினேன். தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்குப் பதினாறு வயது. லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்த சின்ன வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இருந்தோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் கதை என்றால், தகப்பன் பிள்ளையை டொக்டராக்கத் துரத்தினான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்பா துரத்தவில்லை. ஆசை என்னுடையது. அம்மாவின் நாரி நோவை, அந்த இடுப்பு வலியை, டொக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்லப் போய்ப் போய், மேசைக்கு அந்தப் பக்கம் நானும் இருக்க வேண்டும் என்று பிடித்த ஆசை. அதற்கு மூன்று பாடங்களே போதும்: இரசாயனம், உயிரியல், பௌதிகம். மூன்றிலும் நல்ல பெறுபேறு எடுத்தால் மருத்துவ பீடத்தில் இடம் கிடைக்கும்.

அப்பாவுக்கு இது ஏறவே இல்லை. வில்லங்கம் பெயரில் இருந்தது. யாழ்ப்பாணத்திலும் அந்தச் சோதனைக்கு ஏ லெவல் என்றுதான் பெயர், லண்டனிலும் ஏ லெவல்தான். அங்கே நாலு பாடம்.

“ஒரே சோதினை, ஒரே பேர்,” என்றார். “வெள்ளைக்காரன் எங்களுக்கு நாலைத் தந்துபோட்டுத் தனக்கு மூண்டை வைச்சிருப்பானே? விசர்க்கதை கதையாதை.”

“இங்கை எல்லாரும் மூண்டுதான் அப்பா.”

“அங்கை தாவரவியல் வேறை, விலங்கியல் வேறை. உவங்கள் ரெண்டையும் ஒண்டாக்கி உயிரியல் எண்டு வைச்சிருக்கிறாங்கள். அப்ப எத்தினை குறையுது? ஒண்டு. அந்த இடத்திலை கணக்கைப் போடு. சரியா வருதெல்லே?”

சரியாகத்தான் வந்தது, அதுதான் என் வயிற்றெரிச்சல். அடியிலேயே பிழையாகிப்போன ஒரு கணக்கை இவ்வளவு ஒழுங்காகச் செய்து முடிக்கிற மனிதரிடம் எந்த வரியைப் பிழை என்று காட்டுவது? அம்மாவைப் பார்த்தேன். அவ வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. “மூண்டும் நாலும் எனக்கென்ன விளங்கும் பிள்ளை, அப்பா சொல்லுறதைக் கேள்,” என்றா.

அப்பாவைச் சும்மா பிடிவாதக்காரர் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இளம் வயதில் அவரும் அந்த நாலு பாடத்தையும் எழுதி நல்ல புள்ளிதான் எடுத்தவர். அவர் எழுதிய காலத்தில்தான், தமிழில் எழுதியவர்கள் சிங்களத்தில் எழுதியவர்களைவிடக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்று அங்கே சட்டம் போட்டார்கள். மருத்துவ பீடம் கையில் வந்து நழுவியது. பிறகு ஒரு கந்தோரில் கிளார்க், பிறகு கலவரம், பிறகு லண்டனில் பெற்றோல் நிலையத்தில் காசாளர். எங்களுக்கு உரியதில் ஒன்றை யாரோ வெட்டப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவே இல்லை. மூன்று பெட்டி போட்ட தாளைக் கண்டதும் அதே ஆட்கள் இங்கேயும் வந்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

நாலாவது பெட்டியைக் கண்ட பள்ளிக்கூடம் எங்களைக் கூப்பிட்டது. மேல் வகுப்புகளுக்குப் பொறுப்பான ஆசிரியை ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, நல்ல பொறுமைசாலி. பெற்றோல் நிலையத்தில் வாடிக்கையாளரோடு பகிடி விடுகிற அளவுக்கு அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும். பள்ளிக்கூடப் படியேறினால் மட்டும் அது தொண்டைக்குள் போய் ஒளித்துக்கொள்ளும். அதனால் வழக்கம்போல நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

மருத்துவ பீடங்கள் மூன்று பாடங்களைத்தான் பார்க்கும், நாலாவதற்குச் செலவழிக்கும் நேரம் மற்ற மூன்றிலிருந்தும்தான் போகும் என்று ஆசிரியை விளக்கினார்.

“என்னவாம்?” என்றார் அப்பா.

“மூண்டு காணுமாம். நாலாவது எடுத்தா மற்ற மூண்டும் பழுதாப்போமாம்.”

உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். அப்பா ஆசிரியையைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். “அவவுக்கு என்ரை பிள்ளையைத் தெரியாது. பிள்ளை நாலும் எடுப்பாள் எண்டு சொல்லு.”

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? அந்தப் பிள்ளை நான்தானே. என்னைப் பற்றி நானே ‘அவள் எடுப்பாள்’ என்று சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்கள். ‘அப்பா சொல்கிறார்’ என்று தொடங்கியிருக்கலாம். இரண்டே இரண்டு சொல். தொடங்காமல், “நான் நாலும் எடுப்பேன்,” என்று சொன்னேன்.

ஆசிரியையின் முகம் மாறிவிட்டது. “ஓ, இது உன்னுடைய விருப்பமா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். இவ்வளவு உறுதியாக இருக்கிற பிள்ளையை மறிக்க மாட்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

“என்னவாம்?”

“ஓமாம் அப்பா.”

ஏனடி அப்படிச் சொன்னாய் என்று என்னை நானே எத்தனை தரம் திட்டியிருப்பேன். அப்பாவுக்குப் பயந்து இல்லை. வெட்கம். பிள்ளையின் கழுத்தை நெரிக்கிற தகப்பன் என்று அந்த மனுசி அவரை நினைத்துவிடுவாவோ என்ற வெட்கம். அவர் அன்றைக்கு லீவு எடுத்து, இருந்த ஒரே கோட்டையும் போட்டு, கழுத்தில் ரையும் கட்டி வந்திருந்தார்.

அதற்குப் பிறகு கணிதம் என்னைத் தின்றது. நான் கணக்கில் மக்கு இல்லை, ஆனால் எனக்கு அது மெதுவாகத்தான் வரும். சனிக்கிழமைகளில் ஹரோவில் இருந்த ஒரு தமிழ் மாஸ்ரரிடம் ரியூஷன். ஈஸ்ட் ஹாமில் ரயிலேறி, நகரத்தைக் கடந்து, மெற்றோபொலிற்றன் லைனில் லண்டனின் மறுகோடித் தொங்கலுக்குப் போய்த் திரும்பினால் அந்த நாள் முடிந்துவிடும். ரயிலில் இரசாயனப் புத்தகத்தை மடியில் விரித்தபடியே நித்திரையாகிவிடுவேன். வகுப்பில் மற்றவர்களுக்கு இடையில் ஓய்வுப் பாடவேளைகள் இருந்தன, எனக்கு ஒன்றும் இல்லை. முதல் வருட முடிவில், கணிதத்தை விட்டுவிடுவது நல்லது என்று பள்ளிக்கூடம் கடிதம் அனுப்பியது. அதையும் நான்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“எனக்கு ஏலாமக் கிடக்கு அப்பா. விடுறனே?” என்று கேட்டேன்.

“கெட்டிக்காரப் பிள்ளையளை இப்பிடித்தான் மடக்கிறவங்கள். நீ பயப்பிடாதை, நான் இருக்கிறன்.” கடிதத்தை மடித்துப் பொக்கெற்றுக்குள் வைத்தார். ‘நான் இருக்கிறன்’ என்ற சொல்லோடு எப்படிச் சண்டை பிடிப்பது? குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஆத்திரம் தீர அழுதேன்.

கடைசி வருடத்தில் ஒரு மருத்துவ பீடம் எனக்கு இடம் தருவதாக எழுதியது. நிபந்தனை: இரசாயனத்தில் ஏ, உயிரியலிலும் பௌதிகத்திலும் பி. கணிதத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். “பாருங்கோ, நாலாவதைக் கேக்கவே இல்லை!”

“நாலாவதும் இருக்கெண்டு கண்டுதானே தந்தவங்கள்,” என்றார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் கண்டதில்லை.

ஆகஸ்டில் பெறுபேறு வந்தது. உயிரியல் பி. பௌதிகம் பி. கணிதம் சி. இரசாயனம் பி. ஒரேயோர் எழுத்து. ஆசிரியை தன் அறையிலிருந்து பீடத்துக்குத் தொலைபேசி எடுத்து மன்றாடிப் பார்த்தார். இடங்கள் நிரம்பிவிட்டன என்று சொல்லிவிட்டார்கள். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு வேண்டும் என்று சொன்னவளே நான்தானே, அவர் என்ன செய்வார்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே அப்பா நின்றார். “எத்தினை பாஸ்?”

“நாலும்.”

அவருடைய ஊரில் நாலும் பாஸ் என்றால் கொண்டாட்டம்தான், சனம் அதற்கு மேல் கேட்காது. நான் காலில் கிடந்த சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கனடாவுக்கு, சித்தப்பாவுக்கு அழைத்துவிட்டார். “நாலும் பாஸ்! நாலும்!” என்று அவர் கத்தியது கீழே நகைக்கடைக்கும் கேட்டிருக்கும். அம்மா சாமிப் படத்துக்கு விளக்குக் கொளுத்தப் போய்விட்டா. நான் கையில் ஒரு சப்பாத்தோடு நின்றேன். அப்பா தொலைபேசியை வைத்த பிறகுதான் சொன்னேன்.

“அப்பா, மெடிசின் கிடைக்கேல்லை. இரசாயனத்திலை ஏ வரேல்லை.”

“நாலும் பாஸ் எண்டு சொன்னனியெல்லே?”

“பாஸ் காணாது அப்பா. அவங்கள் கேட்டது வேறை.”

படியில் குந்திவிட்டார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: “மூண்டு மட்டும் எடுத்திருந்தா?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு வருட ஆத்திரம் விடவில்லை. “கிடைச்சிருக்கும்,” என்றேன்.

சொன்ன உடனேயே, ஐயோ, அதை வாய்க்குள் திரும்ப இழுத்துவிட வேண்டும் போல இருந்தது. அதற்குள் தொலைபேசி அடித்தது. எட்மண்டனில் இருக்கும் மாமி, அப்பாவின் அக்கா. சித்தப்பா அதற்குள் அவவுக்குச் சொல்லிவிட்டார். அப்பா எழுந்து போய் எடுத்தார்.

“ஓம்,” என்றார். “ஓம் அக்கா, நாலும்தான்.” மறுபக்கத்தில் மாமி சந்தோசத்தில் குளறிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, என்னைப் பாராமலே ரிசீவரை நீட்டினார்.

“உன்னோடை கதைக்கவேணுமாம், பிள்ளை.”

நான் வாங்கினேன். “ஓம் மாமி,” என்றேன், “நாலும் பாஸ்.”