மானிட்டர் ஓரத்துப் பொட்டு

டேட்டா என்ட்ரி ஆபீஸில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாற்காலி, ஒரே கம்ப்யூட்டர். காலை ஷிஃப்ட் நான், மதியத்துக்கு மேல் ஜெயா. ஷிஃப்ட் மாறும்போது ஒரு சிரிப்பு, நாலு வார்த்தை. அவ்வளவுதான் எங்கள் சிநேகம்.

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பொட்டு வைக்க மறந்துவிடுவேன். அதைக் கவனித்த ஜெயா, தினமும் வீட்டுக்குக் கிளம்பும்முன் மானிட்டர் ஓரத்தில் எனக்காக ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுப் போவாள். அப்புறம் நான் வேண்டுமென்றே வெறும் நெற்றியோடு போக ஆரம்பித்தேன்.

நான் லீவில் இருந்தபோது, கணவருக்கு வெளியூரில் வேலை கிடைத்து அவள் போய்விட்டாள். அவள் ஒட்டியிருந்த கடைசிப் பொட்டை எடுக்க எனக்கு மனசே வரவில்லை.

பல வருஷம் கழித்துத் தட்டை மானிட்டர்கள் வந்தன. பழையவற்றைப் பிரித்தெடுக்கும் ஷெட்டுக்கு ஆபீஸ் சார்பில் நான்தான் வண்டியோடு போனேன். அங்கே ஒரு பெண் மானிட்டர் மூடிகளில் இருந்த ஸ்டிக்கர்களை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தாள். என் பழைய மானிட்டரின் மூடி அவள் கைக்கு வந்தது.

"இது ஒட்டியிருந்தா பிளாஸ்டிக்கை உருக்க எடுக்க மாட்டாங்கக்கா."

"அந்தப் பொட்டை மட்டும் கிழிக்காம எடுத்துக் கொடும்மா."

அவள் நகத்தால் மெல்ல எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

நெற்றியில் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. பசை எப்போதோ காய்ந்துபோயிருந்தது. விரலால் அழுத்திப் பிடித்தபடியே பஸ் ஏறினேன்.

"தலெ நோவா, மேடம்?" என்று கண்டக்டர் கன்னடத்தில் கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். என் ஸ்டாப் வரும்வரை விரலை எடுக்கவில்லை.