சி. தாணுமாலையன், 2014

சித்ரலேகா திருடிவிட்டாள் என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. யாரிடமிருந்து? தாணுமாலையன் என்கிற பெரிய அறிஞரிடமிருந்து. அடக் கூத்தே! அந்த அறிஞர் வண்ணார்பேட்டையில் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறவர். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவளைப் பெற்ற அப்பா.

ஒழுங்காகச் சொல்கிறேன். சித்ரலேகா பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுக்கிறாள். ஆராய்ச்சியெல்லாம் ஊர் அரசியலைப் பற்றி. பஸ் ஸ்டாப் நிழற்குடைகளில் எந்தத் தலைவர் பெயரை எவ்வளவு பெரிதாக எழுதுகிறார்கள், ஆட்சி மாறினால் யார் வந்து அதில் தார் பூசுகிறார்கள் என்று உடன்குடி வரைக்கும் வெயிலில் அலைந்து குறித்தாள். அப்பாதான் பைக்கில் கூட்டிப் போனார். 2014இல் வெளிநாட்டு இதழ் ஒன்று அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டாள். கல்யாணத்துக்கு அப்புறம் எழுதியதிலெல்லாம் வீட்டுக்காரர் நடராஜின் பெயரைப் போட்டாள்.

வெளிநாட்டுக்காரர்கள் மேற்கோள் காட்டும்போது பின்னால் இருக்கிற பெயரைத்தான் சொல்வார்கள். நார்வேக்காரன் ஒருத்தன் "தாணுமாலையன் சொல்வதுபோல" என்று எழுதினான். பிரேசில்காரி ஒருத்தி "நடராஜை மறுத்து" எழுதினாள். பாவம் நடராஜ், பல்லி மிட்டாய் கடை வைத்திருக்கிறவர், அவரை எதற்கு மறுக்க வேண்டும்? இப்படியே அறுபத்தொரு மேற்கோள் அப்பாவுக்கு, நாற்பத்தேழு வீட்டுக்காரருக்கு. மாடாக உழைத்தவளுக்கு ஒன்றுகூட இல்லை.

இணைப் பேராசிரியர் பதவி வந்தபோதுதான் வினை பிடித்தது. ஒரே பெயரில் நூறு மேற்கோள் வேண்டுமாம். போதாக்குறைக்கு, அந்தப் பழைய கட்டுரையை விரித்து அவள் எழுதிய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்த்து, "இதில் பாதி தாணுமாலையன் எழுதியது" என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். முன்னுரையிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். முன்னுரையை யார் படிக்கிறார்கள்? பதவி போவது இருக்கட்டும், வேலையே தங்குமா என்று ஆகிவிட்டது.

"சார், அது நான்தான்," என்றாள், தேர்வுக்குழுத் தலைவர் குமரகுருபரனிடம்.

"நீங்க ந. சித்ரலேகா. இங்க போட்டிருக்கது சி. தாணுமாலையன். தாணுமாலையன்கிறது ஆளு, சி அவங்க அப்பா இனிஷியல். இதுகூடவாம்மா எனக்குத் தெரியாது?" என்றார் அவர்.

சி என்பது சித்ரலேகாவாக்கும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே! கடைசியில், "அந்தத் தாணுமாலையனைக் கூட்டிட்டு வாங்க," என்றார்கள். வந்தார். அடையாள அட்டையைக் காட்டினார். தகப்பனார் பெயர் சிதம்பரம்! சாட்சாத் சி. தாணுமாலையனேதான். போச்சுடா என்று சித்ரலேகா உட்கார்ந்துவிட்டாள்.

குமரகுருபரன் சட்டென்று எழுந்து நின்று கும்பிட்டார். "ஐயா, உங்க கட்டுரைய என் மாணவர்களுக்குப் பாடமா வச்சிருக்கேன்."

முப்பது வருஷ உத்தியோகத்தில் அப்பாவுக்காக ஒரு செக்கர்கூட எழுந்து நின்றதில்லை. மனுஷர் ஒரு நிமிஷம் அந்தக் கும்பிடை அனுபவித்துக்கொண்டு நின்றார். சித்ரலேகாவுக்கு உயிரே போயிற்று.

"உக்காருங்கய்யா," என்றார் அப்பா. "நான் எங்க எழுதுனேன்? எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு ரைட்டும் ஹோல்டானும்தான். பங்குனி வெயில்ல இவ ஒவ்வொரு போர்டா அளந்துக்கிட்டு வந்தா, நான் டேப்புல ஒரு நுனியப் பிடிச்சேன். ஒரு நுனியப் பிடிச்சதுக்கு மொத்தத்தையும் எம்பேர்ல எழுதுவீங்களோ? இது எந்த ஊரு நியாயம்?"

குழுவில் ஒருத்தர் களுக்கென்று சிரித்துவிட்டார். குமரகுருபரனும் சிரித்தார். அப்புறம் அவளிடம் கட்டுரையைப் பற்றி ஒரு மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார். அவள் தாளைப் பார்க்காமல் எந்தப் போர்டில் எத்தனை அங்குல எழுத்து என்பது வரை சொன்னாள். "எல்லாத்தையும் ஒரே பேருக்கு மாத்திட்டு வாங்கம்மா. பதவி உங்களுக்குத்தான்," என்றார்.

வீட்டுக்கு வந்து இணையத்தில் பெயர் மாற்றும் படிவத்தைத் திறந்தாள். முன்பெயருக்கு ஒரு கட்டம், பின்பெயருக்கு ஒரு கட்டம். இரண்டாவதைக் காலியாக விட்டால் ஏற்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டிலும் சித்ரலேகா என்றே அடித்தாள். பத்து நாளில் நூற்றெட்டும் அவள் பெயருக்கு வந்து சேர்ந்தன. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அப்பாவை நினைத்தால் ஒரு மாதிரி இருந்தது. போன் போட்டாள்.

"அப்பா, ஒங்க பேர எடுத்துட்டேன்ப்பா. வருத்தமா?"

"எனக்கென்னட்டி வருத்தம்?" என்றார் அவர். "சித்ரலேகாங்கிற பேர மட்டும் யாரு வச்சாவளாம்?"